பாதி சீசன் பேஸ்பால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை அநேகமாக தினமும் ஆட்டம்தான். ஜூலை நடுவில், அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக நான்கு நாள் ஓய்வு விடும்போதுதான் ரசிகர்கள் வெற்றி தோல்விப் பட்டியலை நிதானமாகப் பார்க்கிறார்கள். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த நான்கு நாள் யோசனையில் பிறந்தவை.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): எங்கள் அணி 81 ஆட்டத்தில் 38தான் ஜெயித்திருக்கிறது. கதை முடிந்துவிட்டதா? ராத்திரி கண் விழித்துப் பார்ப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெயித்தது, தோற்றது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அணி இதுவரை எடுத்த ரன் எத்தனை, கொடுத்த ரன் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக வர்க்கமாக்குங்கள். இரண்டு வர்க்கத்தையும் கூட்டுங்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி நியாயமாக ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் கொடுத்த சூத்திரம் இது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அந்தப் பெயராலேயே வழங்குகிறது. வர்க்கத்துக்குப் பதிலாக 1.83 அடுக்கு வைப்பவர்களும் உண்டு. வீட்டுக் கணக்குக்கு வர்க்கமே போதும்.

உங்கள் அணி 400 ரன் எடுத்து 360 ரன் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,60,000, 1,29,600, கூட்டினால் 2,89,600. வகுத்தால் 0.552. அதை 81ஆல் பெருக்கினால் 45 வெற்றிக்குப் பக்கத்தில் வருகிறது. ஜெயித்தது 38 என்றால் ஏழு வெற்றி வழியில் சிந்தியிருக்கிறது. எங்கே சிந்தியது என்று தேடினால், பெரும்பாலும் ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்களில் அகப்படும். 12–1 என்று ஜெயித்தாலும் ஒரு வெற்றிதான். 3–4 என்று தோற்றாலும் ஒரு தோல்விதான். அந்த நெருக்கமான ஆட்டங்கள் பாதிக்கு மேல் அதிர்ஷ்டத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் பாதியில் அவை சமமாகிவிட வாய்ப்பு அதிகம். கணக்கு தலைகீழாக வந்தால், அதாவது ஜெயித்தது 45, சூத்திரம் சொல்வது 38 என்றால், பட்டியலில் மேலே இருந்தாலும் கவலைப்படுங்கள்.

இதில் தப்பு நேரும் இடம் இரண்டு. 40 ஆட்டத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டால், 20–2 மாதிரி ஒரே ஒரு ஆட்டம் மொத்தத்தையும் கோணலாக்கிவிடும். முக்கிய ஆட்டக்காரர் காயத்தில் போன பிறகு, அவர் ஆடிய காலத்து ரன்களைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் ஏமாற்றும்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் 2021 அட்லாண்டா பிரேவ்ஸைப் பாருங்கள். ஆல்-ஸ்டார் ஓய்வின்போது 44 வெற்றி, 45 தோல்வி. ஆனால் எடுத்த ரன் கொடுத்ததைவிட அதிகம். ஜூலை 10ஆம் தேதி அவர்களுடைய மிகப் பெரிய ஆட்டக்காரர் ரொனால்டு அக்குனாவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. அதே மாதத்துக்குள் அவுட்ஃபீல்டுக்கு (மைதானத்தின் வெளிப்பகுதி) மட்டும் நான்கு பேரை வாங்கினார்கள். ஜாக் பீடர்சன் கழுத்தில் முத்துமாலையோடு ஆடினார். ஹோர்ஹே சோலேரின் பேட்டிங் சராசரி அப்போது வெறும் 0.192, அவர் போனதற்குப் பழைய அணியில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். எடி ரொசாரியோ காயப் பட்டியலில் இருந்தபடியே வந்து சேர்ந்தார். ஆடம் டுவால் நான்காமவர். ஆகஸ்ட் வரை வெற்றி தோல்வியைத் தாண்டவில்லை. அக்டோபரில் ரொசாரியோ டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆறு ஆட்டத்தில் 14 ஹிட் (அவுட் ஆகாமல் தளத்தை எட்டும் அடி) அடித்துத் தொடர் நாயகன் ஆனார். சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசித் தொடரான வேர்ல்டு சீரிஸில் சோலேர் தொடர் நாயகன். கோப்பை அட்லாண்டாவுக்கு. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் மே மாதம் 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்து, அதே ஆண்டு கோப்பை வாங்கியது. 81 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது தூங்கப் போகாதீர்கள்.

கேள்வி (சியாட்டில்): பாதி சீசனில் 38 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) என்றால் முழு சீசனுக்கு 76 தானே? கால் ராலி விஷயத்தில் அப்படி நடக்கவில்லையே, ஏன்?

பதில்: முதல் பிழை, ஆல்-ஸ்டார் ஓய்வு பாதி வழி இல்லை. பாதி என்பது 81 ஆட்டம். ஓய்வு வரும்போது பெரும்பாலும் 95 ஆட்டத்துக்குப் பக்கமாக முடிந்திருக்கும். 2025இல் ராலி 38 அடித்திருந்தபோது அவருடைய அணி சியாட்டில் மரினர்ஸ் 96 ஆட்டம் ஆடியிருந்தது. அதே வேகம் நீடித்தால்கூட 64தான்.

அதே வேகமும் நீடிக்காது. 38 அடித்தவருக்கு எந்த பிட்சரும் (பந்து வீசுபவர்) நல்ல பந்து போட மாட்டார். நான்கு பந்தை வெளியே போட்டு நடக்க விட்டுவிடுவார். ராலி கேட்சர் வேறு, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவர். ஒரு ஆட்டத்துக்கு நூற்றைம்பது தடவைக்குப் பக்கமாகக் குந்தி எழும் வேலை அது. ஆகஸ்ட் வெயிலில் தொடைதான் முதலில் கெஞ்சும். அவருக்கு ‘பிக் டம்பர்’ என்று செல்லப் பெயர் வந்ததே அந்தப் பெரிய பின்புறத்தால்தான். சியாட்டில் ரசிகர்கள் அன்போடு கூப்பிடும் பெயர் அது. அவருடைய பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் சொல்லும் வழி இது: மிச்ச ஆட்டங்களுக்கு இந்த ஆண்டு வேகத்தையும் போன ஆண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். மிச்சம் 66 ஆட்டம். இந்த ஆண்டு வேகப்படி 26. போன ஆண்டு அவர் 34 அடித்தார், அந்த வேகப்படி 14. நடுவில் 20. ஆக 58. ராலி முடித்தது 60. கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்ததிலும், இரண்டு கையாலும் அடிக்கும் பேட்டர் ஒருவர் அடித்ததிலும் அதுவே அதிகம்.

1969இல் ரெஜி ஜாக்சன் ஓய்வின்போது 37 அடித்திருந்தார். முடித்தது 47. இரண்டாம் பாதியில் வெறும் 10.

மோசமான அணிகளுக்கும் இதே விதி. 2025இல் கொலராடோ ராக்கீஸ் ஓய்வின்போது 22 வெற்றி, 74 தோல்வி. அதே வேகத்தில் போனால் 37 வெற்றிதான். ஆனால் 43இல் முடித்தார்கள். 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் மட்டும் எதிர்த் திசையில் போனது. ஓய்வின்போது 27–71, வேகப்படி 45 வெற்றி வரவேண்டும், வந்தது 41. தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றதும், உருப்படியாக ஆடியவர்களை ஜூலை கடைசியில் விற்றதும் காரணம். தோற்கும் அணியின் வேகத்தைக் கணக்குப் போடும்போது, யார் யாரை விற்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் இரண்டு அணிக்கும் ஆடினார் என்கிறான் என் மகன். நான் நம்பவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி, அதுவும் உங்கள் ஊர் ஆட்டக்காரர்! 2024 ஜூன் 26, பாஸ்டன் ஃபென்வே பார்க். இரண்டாம் இன்னிங்ஸில் டொராண்டோ ப்ளூ ஜேஸுக்காக டானி ஜான்சன் பேட் பிடித்து நிற்கிறார். முதல் பந்து ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன அடி), ஒரு ஸ்டிரைக்; மூன்று சேர்ந்தால் அவுட். மழை வந்துவிட்டது. ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, ரத்தாகவில்லை. இதுதான் முக்கியம். நிறுத்தி வைத்த ஆட்டம் விட்ட பந்திலிருந்து, விட்ட ஸ்டிரைக்கோடு மறுபடி தொடங்க வேண்டும். தேதி ஆகஸ்ட் 26 என்று குறித்தார்கள்.

நடுவில் ஜூலை 27ஆம் தேதி ஜான்சனை பாஸ்டனுக்கே டிரேட் (அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வது) செய்துவிட்டார்கள். முதல் நாளில் அணியில் இல்லாதவரையும் தொடரும் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறக்கலாம் என்று விதி இருக்கிறது. பாஸ்டன் அவரைக் கேட்சராக இறக்கியது. டொராண்டோ அவருக்குப் பதிலாக டால்ட்டன் வார்ஷோவை பேட் பிடிக்க அனுப்பியது. ஆக, தான் பாதியில் விட்டுப்போன பேட்டிங்குக்குப் பின்னால் தானே குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தார் ஜான்சன். மேஜர் லீக் வரலாற்றில் இரண்டு அணிக்கும் ஒரே ஆட்டத்தில் ஆடிய முதல் ஆள் அவர்.

ஸ்கோர் எழுதப் பழகும் உங்கள் மகனுக்கு இன்னொன்று சொல்லுங்கள். ஒருவர் இரண்டு ஸ்டிரைக்கோடு வெளியேறி, மாற்றாக வந்தவர் ஸ்டிரைக் அவுட் ஆனால், அந்த அவுட் முதல் ஆள் கணக்கில்தான் ஏறும். மூன்றாவது ஸ்டிரைக்கைப் பிடிக்கும் கேட்சருக்கு அந்த அவுட்டைச் செய்த பெருமை எழுதப்படும். மழை இன்னும் ஒரு ஸ்டிரைக் தள்ளி வந்திருந்தால், ஜான்சன் தன்னைத் தானே அவுட்டாக்கியதாக ஸ்கோர் புத்தகத்தில் ஏறியிருக்க வாய்ப்பு இருந்தது! ஒரே ஒரு ஸ்டிரைக் என்பதால் அது தவறிப்போனது. எங்களுக்கு இன்றும் ஆற்றாமைதான்.

இதற்கு நெருங்கிய உறவு ஜோயல் யங்பிளட். 1982 ஆகஸ்ட் 4, பகலில் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸுக்காக ஃபெர்கூசன் ஜென்கின்ஸ் பந்தில் ஹிட். ஆட்டத்தின் நடுவிலேயே டிரேட் செய்தி. விமான நிலையம் கிளம்பியவர் கையுறையை மைதானத்தில் மறந்துவிட்டுத் திரும்பி ஓடி எடுத்துக்கொண்டார். இரவு ஃபிலடெல்ஃபியாவில் மாண்ட்ரியல் எக்ஸ்போஸுக்காக ஸ்டீவ் கார்ல்ட்டன் பந்தில் இன்னொரு ஹிட். ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு அணி. பந்து போட்ட இருவரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

கேள்வி (குயின்ஸ், நியூயார்க்): ஜூலை 1ஆம் தேதி மெட்ஸ் ரசிகர்கள் ‘பாபி போனியா நாள்’ என்று கொண்டாடுகிறார்களே, அவர் என்ன சாதித்தார்?

பதில்: பொறுமையாகக் காத்திருந்தார்! 1999க்குப் பிறகு அவர் மெட்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒப்பந்தப்படி 2000ஆம் ஆண்டுக்கு 59 லட்சம் டாலர் பாக்கி. அதை உடனே கொடுக்காமல், 8% வட்டியோடு 2011 முதல் 2035 வரை 25 தவணையாகக் கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் 11,93,248 டாலர் 20 சென்ட்.

கணக்கு எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். 59 லட்சம் 8% கூட்டு வட்டியில் பத்து ஆண்டில் 1 கோடியே 27 லட்சத்து 37 ஆயிரம் ஆகும். அதற்கு அடுத்த ஆண்டு வட்டி மட்டும் 10 லட்சத்து 19 ஆயிரம். 11 லட்சத்து 93 ஆயிரம் கொடுத்தால் வட்டி போக அசலில் குறைவது 1 லட்சத்து 74 ஆயிரம்தான். வீட்டுக் கடன் கட்டியவர்களுக்கு இந்த வலி தெரியும்: முதல் சில ஆண்டு கட்டுவதெல்லாம் வட்டிக்கே போகும். மொத்தமாகக் கொடுத்து முடிக்கும்போது 2 கோடியே 98 லட்சம். கடைசித் தவணை வாங்கும்போது போனியாவுக்கு வயது 72.

மெட்ஸ் உரிமையாளர்கள் தங்கள் பணம் பெர்னார்டு மேடாஃப் என்ற முதலீட்டு நிர்வாகியிடம் 8 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்கும் என்று நம்பியிருந்தார்கள். 2008இல் அது மோசடி என்று வெளிப்பட்டது. ஆனாலும் 2000 சீசனில் அந்த 59 லட்சம் செலவாகாமல் கையில் நின்றது. அந்த ஆண்டு மெட்ஸ் வேர்ல்டு சீரிஸ் வரை போனது. முட்டாள்தனமான ஒப்பந்தம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி (பாஸ்டன்): தன்னையே கொடுத்துத் தன்னையே வாங்கிய டிரேட் உண்டாமே?

பதில்: உண்டு. 1962இல் மெட்ஸ் கிளீவ்லாந்திடமிருந்து ஹாரி சிட்டி என்ற கேட்சரை வாங்கியது. பதிலுக்கு ‘பிறகு பெயர் சொல்லப்படும் ஒரு ஆட்டக்காரர்’ என்று எழுதிக்கொண்டார்கள். இது இன்றும் வழக்கத்தில் உள்ள முறை; ஆறு மாதத்துக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதம் பெயரைச் சொன்னார்கள்: ஹாரி சிட்டி. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நடக்காத டிரேடும் உண்டு. 2015 ஜூலை 29, மெட்ஸின் வில்மர் ஃப்ளோரஸை மில்வாக்கிக்கு அனுப்புகிறார்கள் என்ற செய்தி ஆட்டம் நடக்கும்போதே பார்வையாளர்களின் கைப்பேசியில் பரவி, மைதானத்தில் நின்ற அவர் காதுக்கும் எட்டியது. 16 வயதில் சேர்ந்த அணி அது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி ஷார்ட் ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் தளத்துக்கு நடுவிலுள்ள இடம்) நின்றார். பதிலுக்கு மில்வாக்கியிலிருந்து வரவிருந்த ஆட்டக்காரரின் மருத்துவ அறிக்கையில் சிக்கல், டிரேட் முறிந்தது. இரண்டே நாளில், ஜூலை 31, 12ஆவது இன்னிங்ஸில் நேஷனல்ஸுக்கு எதிராக ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன் அடித்தார். ஓடி வரும்போது சட்டையில் அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

ஜூலையில் நீங்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. பத்து ஆண்டு மேஜர் லீகில் ஆடி, கடைசி ஐந்தாண்டும் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது. வதந்தி வந்தால் முதலில் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): 15–2 என்று தோற்கும்போது பிட்சர் அல்லாதவர் வந்து மெதுவாகப் போடுகிறார். பெரிய பேட்டர்கள்கூட அவரிடம் அவுட் ஆவது ஏன்?

பதில்: பழக்கம்தான் காரணம். மணிக்கு 150 கிலோமீட்டர் பந்து, கையை விட்டதும் 0.4 விநாடியில் வந்துவிடும். பேட்டரின் காலும் இடுப்பும் அந்த நேரத்துக்கே பழகியவை. 70 கிலோமீட்டர் பந்து வந்து சேர ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். உடம்பு முன்னாலேயே திரும்பிவிடும், பேட்டின் நுனியில் பட்டு வானத்துக்குப் போகும். இப்படி ஆள் இறக்க 2023 முதல் இந்தக் கட்டுப்பாடு உண்டு: எட்டு ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கியிருக்க வேண்டும், அல்லது ஒன்பதாவது இன்னிங்ஸில் பத்து ரன் முன்னிலை, அல்லது கூடுதல் இன்னிங்ஸ்.

கேள்வி (அட்லாண்டா): ஆல்-ஸ்டார் ஆட்டம் டை ஆனால்?

பதில்: 2002இல் மில்வாக்கியில் 11 இன்னிங்ஸ் ஆடி 7–7, இரண்டு பக்கமும் பிட்சர் தீர்ந்துவிட்டார்கள், டை என்று அறிவித்தார்கள், மைதானமே கூச்சல் போட்டது. இப்போது ஒன்பது இன்னிங்ஸில் சமம் என்றால் அணிக்கு மூன்று பேட்டர்கள், ஆளுக்கு மூன்று முறை பேட் வீசலாம். அதிக ஹோம் ரன் அடித்த அணி ஜெயிக்கும். 2025இல் உங்கள் ஊரிலேயே 6–6. அமெரிக்கன் லீகின் ரூக்கர் 2, அரோசரேனா 1, மூன்றாவதாக வந்த அரண்டா 0. நேஷனல் லீகுக்கு ஸ்டோவர்ஸ் 1, கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சில் மூன்று. 4–3. மூன்றாவது ஆள் தேவைப்படவே இல்லை. ஆட்டத்தில் ஒரு ஹிட்கூட அடிக்காத ஷ்வார்பருக்கே ஆட்ட நாயகன் விருது. எங்கள் கருத்தில் நியாயமான விருது.

அந்த ஆண்டு நேஷனல் லீக் அணியில் மில்வாக்கியின் ஜேக்கப் மிசியோரோவ்ஸ்கியையும் சேர்த்தது வேறு விஷயம். ஐந்தே ஆட்டம் ஆடியவர். பந்து வேகமானதுதான்; ஆனால் மூன்று மாதம் உழைத்த பிட்சர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அது சரியில்லை.

கேள்வி (மில்வாக்கி): எங்கள் மைதானத்தில் ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேடம் போட்டு ஐந்து பேர் ஓடுகிறார்கள். ஒரு ஆட்டக்காரர் அவர்களில் ஒருவரை அடித்தது உண்மையா?

பதில்: உண்மை. 2003 ஜூலை 9, பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ராண்டல் சைமன் டகவுட்டிலிருந்து (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) விளையாட்டாகப் பேட்டை நீட்டி இத்தாலியன் சாசேஜின் தலையில் தட்டினார். ஆளை விட உயரமான வேடம் அது. கனமெல்லாம் மேலே இருப்பதால் லேசாகத் தட்டினாலும் குப்புற விழும். விழுந்தது, பக்கத்தில் ஓடிய ஹாட் டாக்கையும் சேர்த்துக்கொண்டு. போலீஸ் 432 டாலர் அபராதம் போட்டது. லீக் மூன்று ஆட்டம் தடை விதித்தது. வேடத்துக்குள் இருந்த இளம்பெண்ணுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். அவர் கேட்டது அந்தப் பேட்டைத்தான், சைமன் கையெழுத்தோடு. அடுத்த மாதம் சிகாகோ கப்ஸுக்கு டிரேட் ஆன சைமன், மில்வாக்கிக்குத் திரும்பி ஆட வந்தபோது ஒரு பகுதி ரசிகர்கள் அத்தனை பேருக்கும் இத்தாலியன் சாசேஜ் வாங்கிக் கொடுத்தார். பந்தயம் தொடங்கியதும் மேனேஜர் டஸ்ட்டி பேக்கர் அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.